மாநகராட்சிக் கட்டடங்களின் மின்செலவைக் குறைக்க ரூ.5 கோடி மானியம்: எதில் போடுவது, எங்கே சிக்கும்?

வார்டுகணக்கு என்ற பெயரில் ஒருவர் கேட்டது (பதில் சொல்பவர்களும் புனைபெயரில்தான்):

சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலத்தை மாதிரியாக வைத்து ஆற்றல் சிக்கனத் திட்ட அறிக்கை ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. எண்களெல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; எந்த மண்டலம் என்று தேட வேண்டாம். மானியம் ரூ.5 கோடி, செலவழிக்க 24 மாதம்.

கையில் இருப்பவை: 38 பள்ளிகள், 11 சுகாதார நிலையங்கள், 300 கேவிஏ (மின்பளுவின் அளவு) உயரழுத்த இணைப்பில் ஒரு மண்டல அலுவலகம், சில வார்டு அலுவலகங்கள், சமுதாய நலக்கூடங்கள், 14 பூங்காக்கள், ஒரு சுரங்கப்பாதையின் மழைநீர் மோட்டார் அறை, 250 வாட் சோடியம் விளக்கு இன்னும் மாற்றாமல் கிடக்கும் 1,000 கம்பங்கள்.

முதல் வரைவில் பிரித்தது: எல்இடி தெருவிளக்கு 1.25 கோடி, எல்லாக் கட்டடத்துக்கும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் சுற்றும் மோட்டார் உள்ள) மின்விசிறி 1 கோடி, மாடியில் சோலார் 1.75 கோடி, வெள்ளைக் கூரைப்பூச்சு 60 லட்சம், சுரங்கப்பாதைக்குப் புதிய மோட்டார் 40 லட்சம்.

கேள்விகள் மூன்று. இந்தப் பிரிவினை சரியா? சேமிப்பு வந்தது என்று மானியம் கொடுத்தவரிடம் எப்படி நிரூபிப்பது? பணம் நடுவழியில் எங்கே சிக்கும்?

மின்அட்டை:

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மண்டலத்தின் பெயரில் ஓடும் அத்தனை மின் இணைப்பு எண்களையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இடம், கட்டண வகை, அனுமதிக்கப்பட்ட பளு, 24 மாத யூனிட், கட்டிய தொகை, மீட்டரின் நிலை. இதற்கு மானியத்தில் ஒரு ரூபாயும் வேண்டாம். முதல் சேமிப்பு இங்கேதான் கிடைக்கும்.

வழக்கமாகச் சிக்குபவை: இடித்துவிட்ட கட்டடத்துக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கும் நிலைக்கட்டணம், மீட்டர் பழுதாகி, சராசரி யூனிட் போட்டே வரும் பில், பொது விளக்கு, பொதுக் குடிநீருக்கான தாழ்வழுத்த 2-ஏ வகையில் வரவேண்டிய இணைப்பு வணிகக் கட்டணத்தில் உட்கார்ந்திருப்பது, பூங்கா மீட்டரிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போகும் ஒயர்.

அடுத்து அந்த 300 கேவிஏ. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்கு, பதிவான உச்சத் தேவை அல்லது ஒப்பந்தத் தேவையின் (எழுதிக் கேட்டு வாங்கிய பளுவின்) 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்கு மாதாமாதம் டிமாண்ட் சார்ஜ், அதாவது யூனிட் கட்டணம் போகத் தனியே கட்டும் தேவைக் கட்டணம். அலுவலகத்தின் 24 மாத உச்சம் 170 கேவிஏதான் என்றால், நீங்கள் கட்டுவது 270க்கு. ஒப்பந்தத்தை 190க்கு இறக்கினால் 171க்குக் கட்டினால் போதும். மாதம் 99 கேவிஏ மிச்சம். கேவிஏவுக்கு ரூ.600 என்று வைத்தால் மாதம் ரூ.59,400, வருடத்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல். ஒரு விளக்கைக்கூட மாற்றவில்லை, ஒரு விண்ணப்பம்தான்.

ஆனால் ஆசைப்பட்டு 170க்கே இறக்கிவிடாதீர்கள். ஒப்பந்தத்தைத் தாண்டும் ஒவ்வொரு கேவிஏவுக்கும் இரட்டிப்புக் கட்டணம். மே மாதப் பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிசம்பர் பில்லைப் பார்த்து முடிவெடுத்தால் அக்னி நட்சத்திரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மின்திறன் காரணியையும் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) அதே பில்லில் பாருங்கள். உயரழுத்தத்தில் 0.90க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு 0.01க்கும் 1 சதவீதம் அபராதம், 0.85க்குக் கீழே அதைவிட அதிகம். இதைச் சரிசெய்யும் கெப்பாசிட்டர் பேனல் செத்துக் கிடப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் எந்த விளக்கும் அணைவதில்லை.

இன்னொன்று, உங்கள் 5 கோடியில் மீட்டருக்கென ஒரு வரிகூட இல்லையே சார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதனாலேயே பதில் கிடைக்காது.

லக்ஸ்மீட்டர்:

தெருவிளக்கு பற்றி மட்டும் சொல்கிறேன்.

250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் வரை இழுக்கும். 120 வாட் எல்இடி போட்டால் கம்பத்துக்கு 160 வாட் மிச்சம். சென்னையில் ஜூன் மாத இரவு சுமார் 11 மணி நேரம், டிசம்பரில் பன்னிரண்டரையைத் தாண்டும். அந்தி வெளிச்சத்தைக் கழித்தால் வருடத்துக்குச் சுமார் 4,200 மணி நேரம் எரியும். 160 வாட்டை 4,200 மணி நேரத்தால் பெருக்கினால் 672 யூனிட். 1,000 கம்பத்துக்கு 6.72 லட்சம் யூனிட், யூனிட் ரூ.8 என்றால் ரூ.53.76 லட்சம். உங்கள் 1.25 கோடி இரண்டேகால் வருடத்துக்குக் கொஞ்சம் மேலே திரும்பிவிடும். காகிதத்தில்.

பில்லில் இவ்வளவு குறையாது. 1,000 சோடியம் விளக்கில் 150 எரியாமலே இருந்திருந்தால் அவற்றின் 280 வாட் பழைய பில்லில் ஏறியிருக்கவே இல்லை. புதிய விளக்கு போட்டதும் அந்த 150ம் எரியத் தொடங்கும். மக்களுக்கு நல்லது, சேமிப்புக் கணக்குக்கு ஓட்டை. ஆகவே மாற்றுவதற்கு முன்னால் மூன்று இரவுகள் நடந்து, எரிவது எரியாதது இரண்டையும் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி) வாரியாக எண்ணி, ஏஇ (உதவிப் பொறியாளர்) கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் எரிவதையும் எண்ணுங்கள். போட்டோசென்சரில் தூசி படிந்தால் பகலிலும் விளக்கு எரியும். சூரிய உதய, அஸ்தமன அட்டவணையுள்ள டைமர்தான் நம்பகம்.

வாட்டுக்கு வாட் மாற்றுவதும் தவறு. ஐஎஸ் 1944 படி முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு), அடுத்த தரத்துக்கு 15, உட்சாலைகளில் 8, தெருக்களில் 4. சராசரியோடு சீர்மையும் வேண்டும்: பெரிய சாலையில் மிகக் குறைந்த வெளிச்சம் சராசரியில் 0.4 பங்காவது இருக்க வேண்டும். கம்ப இடைவெளி 30 மீட்டர், நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் என்றால் 120 வாட் போட்டாலும் இலைக்குத்தான் வெளிச்சம். அங்கே மரத்துக்குக் கீழே தாழ்ந்த கையில் 45 வாட் விளக்கு இரண்டு போடுவது சரி.

டெண்டரில் எழுத வேண்டியவை: ஐபி 66 (தூசி, தண்ணீர் புகாத தரம்), 10 கேவி சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு, மின்திறன் காரணி 0.95, வெளிச்சத்துக்கும் ஆயுளுக்குமான எல்எம்-79, எல்எம்-80 சோதனை அறிக்கைகள், டை-காஸ்ட் அலுமினிய உடல். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் ஸ்டெயின்லெஸ் திருகும் நல்ல பவுடர் கோட்டிங்கும் கட்டாயம். உப்புக்காற்று சாதாரணத் திருகை இரண்டே மழைக்காலத்தில் தின்றுவிடும். வந்து இறங்கும் சரக்கில் நூற்றுக்கு ஒன்றை நீங்களே பொறுக்கி என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். டெண்டரோடு சப்ளையர் கொடுக்கும் மாதிரி எப்போதும் தங்கம்தான்.

எல்இடி சாவது பெரும்பாலும் சில்லு கெட்டுப்போய் அல்ல, அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் எரிந்துபோய். அதுவும் பில்லர் பாக்ஸில் நியூட்ரல் லூஸாகி, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 ஏறும்போது ஒரே இரவில் வரிசையாகப் போகும். சோடியம் சோக் இதைத் தாங்கிக்கொண்டிருந்தது. பழைய பில்லர் பாக்ஸ், அரித்துப்போன லக், செத்த எர்த்திங் இவற்றை அப்படியே விட்டு மேலே மட்டும் புது விளக்கு மாட்டினால் வாரண்டிச் சண்டையில்தான் முடியும். பெட்டிக்குள் வேலை செய்யப் பணம் ஒதுக்குங்கள்.

பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் கம்பம் இருந்தால் ஒரு விஷயம்: ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் காலம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நடக்கும், கடலை விட்டுவிட்டுத் தெருவுக்கு வரும். கடலைப் பார்த்த விளக்குகளைத் தனிச் சுவிட்சில் வையுங்கள். அந்த மாதங்களில் அணைக்கலாம், யூனிட்டும் மிச்சம்.

தணிக்கைத்தாள்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பணம் சிக்குவது பொருளில் அல்ல, நாட்காட்டியில்.

24 மாதம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மே மாதங்கள். பள்ளியில் ஒயரிங் வேலை செய்யத் தோதான காலம் கோடை விடுமுறைதான். மார்ச், ஏப்ரலில் தேர்வு அறையில் ஏணி போட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் சாலை வெட்ட அனுமதி கிடையாது, ஆகவே தெருவிளக்குக் கேபிள் வேலை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிற்கும். நடுவில் தேர்தல் அறிவிப்பு வந்தால் புது ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. இதற்குள் திட்ட மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானம், மின்னணு ஒப்பந்தப்புள்ளி எல்லாம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளில் 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். ஒரு மறு டெண்டர் வந்தால் ஒரு மே போய்விடும்.

மத்திய அரசுப் பணம் என்றால் 2017 பொது நிதி விதிகள் பொருந்தும். பயன்பாட்டுச் சான்றிதழ் தராமல் அடுத்த தவணை வராது. வங்கியில் கிடந்து சேர்ந்த வட்டி உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்ட வேண்டும்; அதை எடுத்துக் கூடுதலாகப் பத்து விளக்கு போட்டால் தணிக்கைப் பத்தி உறுதி. விளக்குக்கு அனுமதித்த தொகையை மின்விசிறிக்குத் திருப்பவும் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

"மானியம்" என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர், கழிவுநீர்த் திட்டமான அம்ருத் 2.0இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள நகரத்துக்கு மத்தியப் பங்கு 25 சதவீதம்தான், அதுவும் 20, 40, 40 என்று மூன்று தவணையில். மீதியை மாநிலமும் நகரமும் தேட வேண்டும். சென்னையில் 28 மாநகராட்சிப் பள்ளிகளை மேம்படுத்த எடுத்த சிட்டிஸ் திட்டத்தில், பிரெஞ்சு வளர்ச்சி முகமை இந்திய அரசுக்குக் கொடுத்தது 10 கோடி யூரோ கடன். அது நகரங்களுக்கு மானியமாக இறங்கியது. யார் கையில் கடன், யார் கையில் மானியம் என்பதைப் பொறுத்து அறிக்கைப் படிவமே மாறும். உங்கள் மூலம் எது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பெரும்பாலான மானியங்கள் மூலதனச் செலவுக்கு மட்டும். பராமரிப்புக்குத் தராது. ஆகவே ஐந்து வருடப் பராமரிப்பை விலைப்புள்ளியிலேயே தனி வரியாகக் கேட்டு, அந்த வரியை மாநகராட்சி வருவாய்க் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். விளக்குக்கு 5 வருட வாரண்டி, ஒப்பந்ததாரருக்கு 2 வருடப் பொறுப்புக் காலம் என்று டெண்டரில் வந்துவிட்டால், மூன்றாம் வருடம் எரிந்த டிரைவருக்கு யாரைக் கூப்பிடுவது?

கழற்றிய பொருளை மறக்காதீர்கள். சோடியம் விளக்கிலும் ட்யூப்லைட்டிலும் பாதரசம் உண்டு, குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மின்கழிவு விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எண்ணிக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். பழைய மின்விசிறியை ஏலம் விடுங்கள். ஸ்டோர் ரூமில் அடுக்கினால் ஆறு மாதத்தில் அதே விசிறி வேறொரு அறையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வார்டுகணக்கு:

நன்றி. மூன்று விஷயம் பிடிபட்டது. ஒரு குழப்பம்: எல்இடி இவ்வளவு சீக்கிரம் முதலை எடுக்கிறது என்றால் அதற்கு ஏன் மானியம்? எஸ்கோ நிறுவனத்திடம் (தானே முதல் போட்டு, வரும் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் சேவை நிறுவனம்) விட்டுவிட்டு மானியத்தை வேறு எதிலாவது போடலாமே? பொதுத்துறை எரிசக்திச் சேவை நிறுவனமான இஇஎஸ்எல் 2015இல் தொடங்கிய தெருவிளக்குத் திட்டம் அப்படித்தானே: அவர்கள் முதல் போடுவார்கள், உள்ளாட்சி மின்கட்டணச் சேமிப்பிலிருந்து சுமார் ஏழு வருடம் திருப்பிக் கட்டும்.

மோட்டார், மின்விசிறி, சோலார் மூன்றையும் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

மின்அட்டை:

எஸ்கோ பற்றி என் கட்சி அதுதான். தானாக முதலை எடுக்கும் வேலைக்கு மானியத்தைச் செலவழிப்பது, பஸ்ஸில் போகும் தூரத்துக்கு ஓசி டிக்கெட் கிடைத்ததென்று விமானத்தை வீணாக்குவது போல. மானியம் போக வேண்டியது யாரும் முதல் போடாத இடத்துக்கு: ஒயரிங், எர்த்திங், மீட்டர், தணிக்கை, கூரை.

தணிக்கைத்தாள்:

கொள்கையாகச் சரி. 1,000 கம்பத்துக்கு இல்லை. எஸ்கோ வருபவர் உள்ளாட்சி பில் எப்போது பாஸாகும் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் விலை போடுவார். எஸ்க்ரோ கணக்கு (தவணை தவறாமல் போகப் பணத்தைத் தனியே நிறுத்திவைக்கும் வங்கிக் கணக்கு), மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு, ஒப்பந்த வழக்கறிஞர் என்று நிலைச்செலவு 1,000 கம்பத்துக்கும் 50,000 கம்பத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்ன அளவில் மானியத்திலேயே வாங்கிவிடுங்கள், சேமித்த தொகை எங்கே போகிறது என்பதை மட்டும் கட்டிப்போடுங்கள்.

பம்ப்வளைவு:

சுரங்கப்பாதை மோட்டாரை அடித்துவிடுங்கள். அது வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும்? மழை நாட்களில் மட்டும். 30 கிலோவாட் மோட்டார் 150 மணி நேரம் ஓடினால் மொத்தமே 4,500 யூனிட். அதில் 20 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் 900 யூனிட், ரூ.7,200. நாற்பது லட்சம் போட்டு ஏழாயிரம்! புது மோட்டார் வேண்டும் என்றால் வெள்ளத் தடுப்புத் தலைப்பில் கேளுங்கள், அங்கே அது நியாயம். அங்கே கேட்கும்போதும் திறனைவிட முக்கியம், ஸ்டார்ட்டர் பேனல் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, டீசல் மாற்று உடனே எடுக்கிறதா என்பதுதான்.

வெளியூர்த் திட்ட அறிக்கைகளைப் பார்த்து எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நகரங்களில் மாநகராட்சியின் மின்செலவில் பெரும்பங்கு குடிநீர், கழிவுநீர் பம்புகளுக்குப் போகும். சென்னையில் அது மாநகராட்சியின் கணக்கிலேயே இல்லை. 1978 சட்டத்தில் உருவான குடிநீர் வாரியத்தின் கணக்கு. கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் வாயுவிலிருந்து மின்சாரம் எடுப்பதும் வாரியத்தின் வேலை. கடல்நீரைக் குடிநீராக்க ஒரு கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் பிடிக்கும். 10 கோடி லிட்டர் ஆலை ஒன்று முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 3 லட்சம் யூனிட்டுக்கு மேல். அந்த அளவில் பார்த்தால் உங்கள் 38 பள்ளியின் மின்விசிறிகள் தூசு. ஆனால் மானியம் வந்திருப்பது மாநகராட்சிக்கு, ஆகவே எல்லையைத் தெளிவாக எழுதுங்கள்.

பூங்கா, நலக்கூடப் போர்வெல் மோட்டார்கள் தினம் ஓடுபவை, அவற்றைச் சோதிக்கலாம். பெயர்த்தகட்டை நம்ப வேண்டாம். மூன்று அளவு போதும்: ஓட்டம், மொத்த உயரம், மின்சாரம். எடுத்துக்காட்டு: மணிக்கு 18 கனமீட்டர், 30 மீட்டர் உயரம். 18 × 30 × 9.81 ÷ 3,600, அதாவது 1.47 கிலோவாட்தான் தண்ணீருக்குப் போகிறது. மீட்டரில் 4.2 கிலோவாட் காட்டினால் திறன் 35 சதவீதம். 50 சதவீதம் தரும் செட்டு போட்டால் 2.9 கிலோவாட்டில் அதே வேலை நடக்கும். மாற்றும் முன் டெலிவரி வால்வு பாதி மூடியிருக்கிறதா பாருங்கள். வால்வை நெரித்து ஓட்டும் இடத்தில் பிரச்சினை பம்பு பெரிதாக இருப்பது, பழசாக இருப்பது அல்ல. மேல்நிலைத் தொட்டிக்கு நேராக ஏற்றும் மோட்டாருக்கு விஎஃப்டி (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) விற்க வருவார்கள். உயரம் மாறாத இடத்தில் வேகத்தைக் குறைத்துப் பெரிய லாபமில்லை, ஒரு கட்டத்துக்குக் கீழே தண்ணீரே ஏறாது.

மின்அட்டை:

மின்விசிறிக்கு வருவோம். பழைய விசிறி 75 வாட், பிஎல்டிசி 30 வாட், மிச்சம் 45. பள்ளியில் வருடத்துக்கு 1,700 மணி நேரம் சுற்றும். 76.5 யூனிட், ரூ.612. விசிறி ரூ.2,800 என்றால் முதலை எடுக்க நாலரை வருடத்துக்கு மேல். அதே விசிறி 24 மணி நேரமும் இயங்கும் பிரசவ வார்டில் 8,000 மணி நேரம் சுற்றும்: 360 யூனிட், ரூ.2,880, ஒரே வருடம். "எல்லாக் கட்டடத்துக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மணி நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். முதலில் 24 மணி நேர சுகாதார மையம், பிறகு அலுவலகம், கடைசியில் பள்ளி.

பள்ளியில் அதைவிட ட்யூப்லைட் லாபம். பழைய 40 வாட் ட்யூப் சோக்கோடு 52 வாட் வரை இழுக்கும். 20 வாட் எல்இடி ட்யூப் கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும், விலையும் விசிறியில் பத்தில் ஒரு பங்கு.

பிஎல்டிசியில் கவனிக்க வேண்டியது: பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே இணைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்க வேண்டும், அல்லது சுவர் ரெகுலேட்டரில் வேலை செய்யும் மாடலைக் கேட்க வேண்டும். ரிமோட் மட்டும் உள்ள மாடலைப் பள்ளிக்கு வாங்காதீர்கள். நாற்பது பிள்ளைகள், ஒரு ரிமோட், ஒரே வாரம். 2023 ஜனவரியிலிருந்து மின்விசிறிக்கு பிஇஇ (மத்திய ஆற்றல் திறன் பணியகம்) நட்சத்திர முத்திரை கட்டாயம், ஆகவே "5 ஸ்டார்" என்று எழுதினால் போட்டி குறையாது.

கூரைப்பூச்சுக்கு ஏசி இல்லாத வகுப்பறையில் யூனிட் சேமிப்பு காட்டாதீர்கள், வராது. மேல்தள அறையின் வெக்கை குறையும், பிள்ளைகள் ஏப்ரலில் உட்கார முடியும். அதை அப்படியே எழுதுங்கள், கீழே வெப்பமானி வைத்து அளந்து காட்டுங்கள். பூசும் முன் நீர்க்கசிவை அடைக்க வேண்டும். கசியும் தளத்தின் மேல் பூசினால் அடுத்த மழையில் தோல் உரியும். இரண்டு மூன்று வருடத்தில் தூசி படிந்து பலன் குறையும், வருடம் ஒருமுறை கழுவ ஆள் வேண்டும்.

சோலாரைக் கடைசியில் வையுங்கள். ஒரு கிலோவாட் சென்னையில் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், சுமார் 100 சதுர அடி பிடிக்கும். பள்ளியில் வெயில் நன்றாக அடிக்கும் மே மாதம் விடுமுறை, மின்சாரம் வெளியே போகும். அதற்கு என்ன விலை தருவார்கள் என்பது மீட்டர் ஏற்பாட்டைப் பொறுத்தது. பளுவைக் குறைத்த பிறகு பகல் பயன்பாட்டுக்கு அளவாகப் போடுங்கள். தாங்குசட்டம் விநாடிக்கு 50 மீட்டர் காற்றுக்கு வடிவமைத்ததா என்று கணக்குத் தாள் கேளுங்கள். 2016 வர்தா புயலைப் பார்த்த ஊர் இது.

இப்போது நிரூபிப்பது. மாற்றும் முன் 24 மாதப் பில். கொரோனாவில் மூடிக் கிடந்த மாதங்கள் அதில் விழக்கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் போல விடுமுறை விட்ட மாதத்தைக் குறித்துத் தனியே சரிசெய்ய வேண்டும். தாழ்வழுத்த பில் இரண்டு மாதச் சுற்று, ஆகவே அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் புதிதாக வந்த பளுவை எழுதி வையுங்கள்: கணினி அறை, ஸ்மார்ட் போர்டு, காலை உணவுத் திட்டச் சமையல்கூடத்து கிரைண்டர். இதைக் கழிக்காவிட்டால் எல்லாம் மாற்றியும் பில் ஏறியிருக்கும், நீங்கள் முழிப்பீர்கள்.

விளக்கு, விசிறிக்கு ஒவ்வொன்றையும் அளக்க வேண்டாம், மாதிரி எடுத்தால் போதும். 90 சதவீத நம்பிக்கை, 10 சதவீதத் துல்லியம், மாறுபாட்டுக் கெழு (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 0.5 என்று வைத்தால் ஒரு வகைக்கு 68 எண்ணிக்கை. மொத்தமே 300 விசிறி என்றால் 56 போதும். அலுவலகத்துக்கு மாதிரி உதவாது, முழுக் கட்டட மீட்டர்தான். கரியமிலக் கணக்குக்கு மத்திய மின்சார ஆணையத்தின் காரணியை எடுங்கள், யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ. எந்த வருடப் பதிப்பு என்றும் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, பளு குறைந்த பிறகு ஒப்பந்தத் தேவையைக் குறைக்க மறுபடி விண்ணப்பம். இதை விட்டுவிட்டால் யூனிட் இறங்கும், டிமாண்ட் சார்ஜ் அப்படியே நிற்கும்.

வரவேடு:

தணிக்கைத்தாள் சொன்ன "எங்கே போகிறது" என்பதற்கு உதாரணம். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரம் 1995 முதல் ஒரு உள்கணக்கு நடத்துகிறது. சுற்றுச்சூழல் அலுவலகம் மற்றத் துறைக்கு முதல் தரும். அந்தத் துறை மின், எரிபொருள் பட்ஜெட்டில் மிச்சமானதை முதல் அடையும்வரை திருப்பித் தரும். அது அடுத்த கட்டடத்துக்குப் போகும். அமெரிக்காவில் 2007 சட்டத்தில் உருவான ஆற்றல் சிக்கனத் தொகுப்பு மானியத்துக்கு 2009இல் 320 கோடி டாலர், 2021 சட்டத்தில் 55 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் நகரங்கள் தம் பங்கில் 20 சதவீதம் அல்லது 2.5 லட்சம் டாலர், எது அதிகமோ அதுவரை சுழல்நிதியாக வைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

இங்கே என்ன தடை என்றால், மின்கட்டணம் ஒரு பொதுத் தலைப்பில் கட்டப்படுகிறது. பள்ளி மிச்சம் பிடித்தாலும் தலைமை ஆசிரியருக்கு அதில் ஒன்றும் வராது, அடுத்த வருட ஒதுக்கீடு குறையும், அவ்வளவுதான். மன்றத் தீர்மானம் ஒன்று போட்டுத் தனிக் கணக்குத் தலைப்பு திறந்து, சரிபார்த்த சேமிப்பில் பாதியை ஐந்து வருடம் அதில் வரவு வைக்கலாம். தெருவிளக்கில் 53 லட்சம் காகிதத்தில் என்றால் நிஜத்தில் 40 லட்சம் வரட்டும். அதில் பாதி, வருடத்துக்கு 20 லட்சம், பராமரிப்புக்கும் அடுத்த சுற்றுக்கும். தீர்மானத்தைப் பணம் வருவதற்கு முன்னால் போடுங்கள். வந்த பிறகு அந்தச் சேமிப்புக்கு ஆயிரம் உரிமையாளர்கள்.

வார்டுகணக்கு:

திருத்திய வரைவு. தணிக்கையும் துணை மீட்டர்களும் 35 லட்சம், ஒயரிங், எர்த்திங், பில்லர் பாக்ஸ், கெப்பாசிட்டர் பேனல் 60 லட்சம், தெருவிளக்கு 1.25 கோடி, மணி நேர வரிசையில் மின்விசிறி 50 லட்சம், எல்இடி ட்யூப் 30 லட்சம், நீர்க்கசிவு அடைத்து மேல்தளக் கூரைப்பூச்சு 60 லட்சம், சோலார் 80 லட்சம், ஆய்வகச் சோதனை, சேமிப்புச் சரிபார்ப்பு 20 லட்சம், விலை ஏற்றத்துக்கு 40 லட்சம். சுரங்கப்பாதை மோட்டார் போய்விட்டது. துணை மீட்டரை எந்த மாதம் மாட்டுவது?

மின்அட்டை:

முதல் மாதம். வேறு எந்த டெண்டருக்கும் காத்திருக்காதீர்கள், மாற்றிய பிறகு மாட்டிய மீட்டரால் பழைய நிலையைச் சொல்ல முடியாது. மாட்டிய அன்றே ஒன்று பாருங்கள்: மூன்று பேஸிலும் சிடியின் (ஒயரைச் சுற்றி மாட்டி மீட்டருக்கு மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டும் வளையம்) அம்புக்குறி பளுவை நோக்கி இருக்கிறதா? ஒன்று திரும்பியிருந்தால் மீட்டர் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும், ஏனென்றால் இரண்டு கூட்டும், ஒன்று கழிக்கும். மீட்டருக்குள் போட்ட சிடி விகிதமும் சிடியில் அச்சிட்ட விகிதமும் ஒன்றா என்று பார்த்து, டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி அளக்கும் கைக்கருவி) ஆம்பியர் பிடித்து ஒப்பிட்டு, அந்தத் தாளில் ஏஇயும் ஒப்பந்ததாரரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் பாஸ் செய்ய வேண்டும்.